அளக்காமல் எழுதிய இருபத்தோரு நாட்கள்

செஞ்சி
டிசம்பர் 13, சனிக்கிழமை

அன்புள்ள சாமுண்டீஸ்வரிக்கு,

பச்சைமுத்து எழுதிக்கொள்வது. நான் நலம். இந்த இரண்டு சொற்களை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து, உண்மைதானா என்று யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். ஏன் யோசிக்க வேண்டி வந்தது என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம். அங்கே ஜோர்ஹாட்டில் நீயும் கலைமதியும் குழந்தையும் மாப்பிள்ளை இனியனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தினமும் போனில் பேசுகிற ஆள் எதற்காக அசாமுக்குக் கடிதம் போடுகிறான் என்று பயந்துவிடாதே. கெட்ட செய்தி இல்லை. போனில் உன் முகம் தெரிகிறது. முகம் தெரிந்தால் எனக்குச் சொல்ல வராது. முப்பத்தெட்டு வருடமாக உனக்குத் தெரிந்த சங்கதிதான். நேற்றிலிருந்து மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். இது நான்காவது. இதை நீ தனியாக உட்கார்ந்து படி. கலைமதிக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம். பிள்ளை பெற்ற உடம்பு.

முதலில் வீட்டுச் செய்தி. கேஸ் சிலிண்டர் மாற்றியாகிவிட்டது. மாடிப்படிக்குக் கீழே ஒழுகிய இடத்தைக் கொத்தனார் வந்து பூசிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு ஆடு உன் கறிவேப்பிலைக் கன்றைப் பாதி தின்றுவிட்டது, பாதி மிச்சம் இருக்கிறது, துளிர்க்கும் என்கிறார்கள். நேற்று வெயில் அடித்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்த்தால் ராஜகிரி மலைப் பாறைகளில் இன்னும் தண்ணீர் வழிந்து மினுமினுக்கிறது. ஏரிகள் நிறைந்திருக்கின்றன.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

செப்டம்பரில் நீ ரயிலேறும்போது ஒன்று சொன்னாய். “தெனமும் மழைக் கணக்கு எழுதறீங்க இல்ல, அதுகூடவே காலையில இன்னா சாப்ட்டீங்கன்னும் எழுதி எனக்கு அனுப்பிடுங்க. அது வந்துட்டா நான் நிம்மதியா இருப்பேன்” என்றாய். காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்ப்பதும், எட்டு முப்பத்தைந்துக்கு உனக்கு அனுப்புவதும் வழக்கமாயிற்று. பள்ளியில் புவியியல் நடத்திய நாளிலிருந்து, ஓய்வு பெற்ற இந்தப் பதினோரு வருடமும் சேர்த்து, அந்த நோட்டில் நான் ஒரு நாளும் விட்டதில்லை. உன் அம்மா இறந்த அன்றுகூட அளந்துவிட்டுத்தான் கிளம்பினேன். நீ அதற்கு என்னைத் திட்டினாய்.

அக்டோபர் 25 முதல் நவம்பர் 14 வரை, இருபத்தோரு நாட்கள், நான் உனக்கு அனுப்பிய மழை அளவு பொய். நான் அளக்கவில்லை. கட்டிலில் படுத்தபடியே மனதில் வந்த எண்ணைப் போட்டேன். இட்லி என்று எழுதியதும் பொய். சில நாள் பன்னும் டீயும். சில நாள் அதுவும் இல்லை.

எப்படி ஆயிற்று என்று தேதி போட்டு என்னால் சொல்ல முடிகிறது, காரணம் போட்டுச் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு மிகுந்த அவமானமாக இருந்தது. காரணம் எழுதாமல் விளைவை மட்டும் எழுதிய பிள்ளைகளுக்கு எத்தனை மதிப்பெண் குறைத்திருப்பேன். நீ ஊரில் இல்லாததுதான் காரணம் என்று எழுதலாம். உனக்கு மனம் கஷ்டப்படும் என்பதற்காக மட்டுமல்ல, அது சரியான விடை இல்லை என்பதாலும் எழுதவில்லை. கலைமதி வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீ அங்கே இரண்டு மாதம் போய் இருந்தாயே, அப்போது நான் நன்றாகத்தான் இருந்தேன். இம்முறை விடிவதற்கு முன்பே விழிப்பு வந்தது. எழுந்திருக்க மட்டும் முடியவில்லை. பின்கதவிலிருந்து மழைமானிக்கு எத்தனை தூரம்? கட்டிலிலிருந்து எண்ணினாலும் பதினெட்டு எட்டு. அந்தப் பதினெட்டு எட்டை என்னால் வைக்க முடியவில்லை. டிவியில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று சொன்னார்கள். நாற்பது வருடம் அந்தச் செய்தி வந்தால் நான் எப்படி எழுந்து உட்காருவேன் என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு டிவியை நிறுத்திவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே பெருமழை. நீ போனில், “அங்க செம மழையாமே, பள்ளிக்கூடம் லீவாமே?” என்று கேட்டாய். சாதாரண மழைதான் என்றேன். அன்றைக்கு 10.0 என்று போட்டேன்.

குழந்தையின் படங்களை நீ அனுப்பிக்கொண்டே இருந்தாய். கட்டை விரலை அனுப்பினேனே தவிர, ஒரு படத்தையும் திறந்து பார்க்கவில்லை. இதைச் சொல்ல முடியாமல்தான் முதல் மூன்று கடிதத்தையும் கிழித்தேன்.

நவம்பர் 14 வெள்ளிக்கிழமை காலையில் நம் பள்ளி ஜெயராமன் வந்தார். கதவைத் தட்டவில்லை, உதைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். என்னைப் பார்த்ததும், “இன்னாய்யா பச்ச, தாடியெல்லாம்? சாமியாராப் போறியா, என்கிட்டயாவது சொல்லிட்டுப் போ” என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். “தல சுத்துதுய்யா. ஆஸ்பத்திரிக்குப் போவணும். ஊட்ல யாரும் இல்ல. தொணைக்கு வா” என்றார்.

நான் எனக்காக எழுந்திருக்க மாட்டேன். வணிகவியல் ஜெயராமன் நாற்காலியில் சாய்ந்து கிடந்தால் எழுந்திருக்கத்தானே வேண்டும்? சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆட்டோவில் அவர் தலை என் தோளில். அரசு மருத்துவமனையில் இறங்கியதும் அவர் நேராக நடந்தார், நான்தான் தள்ளாடினேன். வெள்ளிக்கிழமைகளில் மனநல டாக்டர் ஒருவர் வருகிறார். அந்த வரிசையில் என்னை உட்கார வைத்துவிட்டு, “நீ மொதல்ல காட்டு, எனக்கு இப்ப தேவல” என்றார்.

ஏமாற்றப்பட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்று பார்த்தேன். இந்த ஊரில் பாதிப் பேருக்கு நான் பாடம் நடத்தியிருக்கிறேன். யார் கண்ணிலாவது பட்டால் சாருக்குப் பைத்தியம் என்று பஜார் முழுக்கப் பரவும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். நினைத்தபடியே ஒருவன் கண்ணில் பட்டேன். விமல்ராஜ், மினி பஸ் ஓட்டுகிறான், உனக்கு நினைவிருக்கும், வரைபடத்தில் இலங்கையை விட்டுவிட்டு வரைவான். அவனும் அதே வரிசையில்தான் உட்கார்ந்திருந்தான். நகர்ந்து இடம் விட்டான். “இப்படி உக்காருங்க சார். ஃபேன் காத்து இங்கதான் வரும். நான் மூணு வருஷமா வரேன். நல்ல டாக்டரு. டென்ஷன் ஆவாதீங்க” என்றான். அவ்வளவுதான் பேசினோம். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

டாக்டர் பெயர் ரஞ்சனி. நம் கலைமதி வயதுதான் இருக்கும். பசி, தூக்கம் எல்லாம் கேட்டார். சாக வேண்டும் என்று நினைத்தீர்களா என்றும் நேராகவே கேட்டார். இல்லை என்றேன். பிறகு, நான் இல்லாமல் இருந்தால் யாருக்கும் தொந்தரவு இருக்காது என்று இரண்டு மூன்று நாள் நினைத்தேன் என்று சொன்னேன். சாமுண்டி, இதைப் படித்து நீ கலங்கக் கூடாது. அந்த நினைப்பு கடைசியாக வந்து நான்கு வாரம் ஆகிறது. இப்போது இல்லை. ஒவ்வொரு முறையும் டாக்டர் அதைக் கேட்கிறார், நானும் மறைக்காமல் சொல்கிறேன்.

சீட்டில் டிப்ரஷன் என்று எழுதினார். நான் படித்தவன் என்கிற புத்தி அங்கேயும் போகவில்லை. அம்மா, இந்தச் சொல்லை நான் முப்பது வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு துறையிலும் ஒரு பொருள் உண்டு, தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது என்று ஆரம்பித்துவிட்டேன். வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள். அவர் சிரித்துவிட்டு, “அப்போ ஒரு வேலை செய்யுங்க சார். மாத்திரை ராத்திரி ஒண்ணு. அது கூட, அந்த அர்த்தத்தையெல்லாம் ஒவ்வொண்ணா எழுதிட்டு வாங்க. அவசரமில்ல, முடிஞ்ச அன்னிக்கு எழுதுங்க” என்றார். வீட்டுப் பாடம் கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம்.

இதற்கிடையே ஜெயராமன் நடிப்பை முடிக்க மனமில்லாமல் நர்ஸம்மாவிடம் பிரஷர் பார்க்கச் சொல்லியிருக்கிறார். நூற்று எண்பது! நிஜமாகவே. அவரைப் படுக்க வைத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் இரண்டு பேர் கையிலும் மாத்திரைப் பை. “உனக்கு நல்லது பண்ண வந்து நான் மாட்டினேன் பார்” என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டு வந்தார்.

மாத்திரை முதல் வாரத்தில் வாயை உலர்த்தியதே தவிர வேறொன்றும் செய்யவில்லை. இரண்டு மூன்று வாரம் ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நான் எதையும் உடனே நம்புகிறவன் இல்லை, இருந்தாலும் விடாமல் போட்டேன். ஜெயராமன் தினமும் காலையில் வந்து பல்லை விளக்க வைத்து, அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்ததைத் தின்ன வைத்துவிட்டுப் போனார். பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, ஒரு பழைய நோட்டை எடுத்து வீட்டுப் பாடத்தை ஆரம்பித்தேன்.

முதலில் வரைபடம். அங்கே டிப்ரஷன் என்றால் பள்ளம். சமவுயரக் கோடுகளில் குன்றும் வட்டம்தான், பள்ளமும் வட்டம்தான். பள்ளம் என்று காட்ட, கோட்டின் உட்புறமாகச் சீப்புப் பல் மாதிரிச் சின்னச் சின்னக் கோடு இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் பார்க்கிறவர்கள் அதைக் குன்று என்று எண்ணிக்கொள்வார்கள். இதை எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு அனுப்பிய செய்திகளில் நான் அந்தச் சின்னக் கோடுகளைத்தான் இழுக்காமல் விட்டிருந்தேன்.

அடுத்தது பொருளாதாரத்தில் வரும் பெருமந்தம், அதைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. ஜெயராமனைக் கேட்டேன். “கடையில சரக்கு இருக்குது, வாங்கறதுக்கு ஆள் வரலை. வாங்க ஆள் இல்லைன்னு ஆலைய மூடறான். மூடினதால ஜனங்ககிட்ட காசு இல்ல. காசு இல்லாததால இன்னும் வாங்க ஆள் இல்ல. ஒண்ணு இன்னொண்ணைக் கீழ இழுத்துக்கிட்டே போவும்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “தட்டுல சோறு இருக்கும்போதே நீ பட்டினி கெடந்தியே, அது மாதிரி” என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டேன், அவர் பெயரையும் போட்டேன்.

நில அளவையில் இதே சொல்லை இறக்கக் கோணம் என்போம். பிள்ளைகளை ராஜகிரி உச்சிக்கு அழைத்துப்போய், சாய்வுமானியில் அடிவாரத்துக் குளத்தைப் பார்க்கச் சொல்வேன். மேலிருந்து கீழே பார்க்கிற கோணமும், குளக்கரையில் நிற்கிறவன் மேலே பார்க்கிற கோணமும் ஒரே அளவு. பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். கீழே நின்று பார்த்தால் மலை பயங்கரமாக இருக்கிறது சார் என்பார்கள். அளந்து பாருங்கள் என்பேன். நான் கீழே கிடந்தபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

பிறகு வானிலை. இதில்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும் என்கிற எண்ணம், அதனால் நான்கு பக்கம் எழுதினேன். காற்றழுத்தம் சுற்றிலும் இருப்பதைவிட ஓரிடத்தில் குறைகிறது, நாலாபக்கத்திலிருந்தும் காற்று அங்கே வந்து சுழல்கிறது, தாழ்வு மண்டலமாகிறது, சில சமயம் புயலாகிறது, கரையைக் கடந்ததும் வலுவிழக்கிறது. கடைசியில், ஆகவே இதுவும் தானாகவே கரையைக் கடந்துவிடும் என்று முடித்திருந்தேன். எனக்கே பிடித்திருந்தது. அடுத்த முறை போனபோது டாக்டர் எல்லாவற்றையும் படித்துவிட்டு அந்த வரியில் விரலை வைத்தார். “இதை மட்டும் அடிச்சிடுங்க சார். புயலுக்கு யாரும் மாத்திரை தர்றதில்ல. இது அப்படித் தானா போகும்னு உக்கார்ந்திருக்கக் கூடாது. ரெண்டு மாசத்துல மாத்திரைய நிறுத்தறதுக்கு நீங்க இப்பவே சாக்கு எழுதி வெக்கறீங்க” என்றார். முகம் சிவந்துவிட்டது எனக்கு. அடித்துவிட்டேன். பிள்ளைகளின் விடைத்தாளில் நான் அடித்தபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

டாக்டர் துறைக்கான பக்கம் காலியாகவே இருந்தது. நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். நீங்களே எழுதுங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். புத்தகத்தில் இருப்பது எனக்கும் தெரியும், எழுத மனம் வரவில்லை. கட்டிலிலிருந்து மழைமானி வரை பதினெட்டு எட்டு, அதைப் போக முடியாதது என்று மட்டும் எழுதினேன்.

அதை எழுதிய மறுநாள் காலை, டிசம்பர் முதல் வாரம், எட்டரை மணிக்கு எழுந்து போனேன். பெரிய முடிவெல்லாம் எடுக்கவில்லை. பல் விளக்கிவிட்டு நின்றேன், கால் போயிற்று. மழைமானியின் புனலில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. அது ஏதோ தன் வீடு போலவும் நான் வாடகை கேட்க வந்தவன் போலவும் பார்த்தது. அதை எடுத்து விட்டுவிட்டுப் புனலைக் கழற்றினேன். உள்பாத்திரம் வழிந்து, வெளிப்பாத்திரமும் வழிந்து, இலையும் சேறுமாய் அழுகிக் கிடந்தது. அத்தனை நாள் பெய்த மழை எவ்வளவு என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு ஊற்றினேன். சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன்.

பிறகு நோட்டை எடுத்தேன். உனக்கு அனுப்பிய பொய் எண்களை நோட்டிலும் ஏற்றி வைத்திருந்தேன், வெட்கக்கேடு. கிழிக்கலாமா என்று நினைத்தேன். பதிவேட்டில் தாளைக் கிழிப்பது தவறு. ஒவ்வொரு எண்ணின் மேலும் ஒற்றைக் கோடு, பழைய எண் தெரியும்படி. பக்கத்தில் அளக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்து. அதற்கடுத்து, உனக்குச் சாப்பாட்டை மட்டும் அனுப்பிவிட்டு நோட்டைத் தொடாத நாட்கள் வெறுமையாக இருந்தன, அவற்றிலும் அப்படியே எழுதினேன். எழுதி முடித்ததும் பசித்தது. சாமுண்டி, பசி என்றால் இன்னதென்றே மறந்திருந்தேன். அடுப்பைப் பற்ற வைத்து நானே உப்புமா கிளறினேன். அடிப்பிடித்துவிட்டது. தின்றேன். அதற்குப் பிறகு போனை எடுத்துக் குழந்தையின் படங்களை முதலிலிருந்து பார்த்தேன். நூற்றுப் பதினான்கு படங்கள். கொட்டாவி விடும்போது அவள் அப்படியே கலைமதி.

போன வாரம் டீக்கடையில் ஜெயராமன் வாய் தவறிவிட்டார். நான் மழை அளவு சொன்னேன். “பரவால்ல, இது ஒரிஜினல் நம்பர். ரவுண்டா இருந்தா உன் ஊட்டுக்காரி கண்டுபுடிச்சுடுவா” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். விடவில்லை நான். கேட்டுக் கேட்டு வாங்கினேன்.

அப்போதுதான் தெரிந்தது. நவம்பர் 13 மாலையே நீ அவருக்கு போன் பண்ணியிருக்கிறாய். “அண்ணா, அவரு அனுப்பற கணக்கு எல்லாம் அஞ்சுலயும் சைபர்லயும் முடியுது. ரெண்டரை, அஞ்சு, பத்து, பதினஞ்சு. மழை அப்படியா பெய்யும்? இருபத்தாறு வருஷம் அங்கன்வாடியில புள்ளைங்கள எட போட்டிருக்கேன். தராசுல நிக்க வெக்காம எழுதின எட எதுன்னு நோட்டப் பார்த்தாலே எனக்குத் தெரியும்” என்றாயாம். நீங்களே கேளுங்களேன் என்று அவர் சொன்னதற்கு, “நான் கேட்டா நல்லா இருக்கேன்னு அதையும் ரவுண்டா சொல்லிடுவாரு. அவருக்குன்னு கூப்ட்டா வரமாட்டாரு. உங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லுங்க, ஓடி வருவாரு” என்றாயாம்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கம் கொஞ்சம். மற்றதெல்லாம் நிம்மதி. இரண்டாயிரம் மைல் தள்ளி இருந்துகொண்டு, என் பொய்யை வைத்தே என் நிலைமையைப் படித்துவிட்டாய். நான் சின்னக் கோடு இழுக்காமல் விட்டும் உனக்குப் பள்ளம் தெரிந்துவிட்டது. தெரிந்தும் இந்த நான்கு வாரமாக, நானாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறாய். தினமும் போனில் சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்கிறாய்.

நேற்று மறுபடி டாக்டரைப் பார்த்தேன். தேறி வருகிறது என்றார். மாத்திரையை இன்னும் சில மாதம் தொடர வேண்டும், அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. முழுவதும் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அதுவும் முழு எண்ணாகிவிடும். புதன்கிழமை பகல் முழுக்கப் படுத்தே இருந்தேன். வியாழன் நன்றாக இருந்தது. இப்படித்தான் இருக்கிறது. ஆனால் எட்டரை மணி தவறவில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். பதறி முன்னதாகக் கிளம்பிவிடாதே. பொங்கல் கழித்து வருவதாகத்தானே ஏற்பாடு, அப்படியே இரு. கலைமதி மறுபடி வங்கி வேலைக்குப் போகிற வரை குழந்தைக்கு நீ வேண்டும். இங்கே எனக்கு ஜெயராமன் இருக்கிறார், அவருக்கு நான் இருக்கிறேன், பிரஷர் மாத்திரையை அவர் மறந்தால் நான்தான் திட்டுகிறேன். நான் சமாளிப்பேன் என்று பெருமைக்குச் சொல்லவில்லை. முடியாவிட்டால் முடியவில்லை என்று அனுப்புகிறேன். அதை எழுத இப்போது எனக்குப் பயமில்லை.

தொடக்கத்தில் கலைமதியிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். அதையும் ஒற்றைக் கோடு போட்டு அடித்ததாக வைத்துக்கொள். படித்து முடித்ததும் இதை அவளிடம் கொடு. நைனா மூன்று வாரம் போனில் சரியாகப் பேசவில்லையே, கோபமா என்று அவள் நினைத்திருக்கலாம். கோபம் இல்லை என்று சொல். அவளுக்கும் எப்போதாவது எழுந்திருக்க முடியாமல் போனால் மறைக்க வேண்டாம் என்றும் சொல். இதை நீ சொன்னால்தான் கேட்பாள்.

குழந்தையின் எடை என்ன என்று எழுது. நீ நிறுத்துப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டாய்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் நோய் நொடி அண்டாமல் இருக்க வேண்டும். நீ வருகிற அன்றைக்கு ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன், தாடி இல்லாமல்.

இப்படிக்கு,
உன் பச்சைமுத்து

பி.கு. இன்றைக்குப் போனில் அனுப்பவில்லை, இதிலேயே எழுதுகிறேன், தாமதமாக வந்தாலும் பரவாயில்லை. காலை 8.30 மணி. சாப்பிட்டது, கேழ்வரகுக் கூழும் வெங்காயமும். மழை 7.4 மில்லிமீட்டர். பதினெட்டு எட்டு நடந்துபோய் அளந்தது.